விறைப்பு

பார்ன்ஸ்லியில், சாலை சரிந்து இறங்கும் இடத்தில்,
மெத்தடிஸ்ட் கூடத்தின் பக்கவாசலில்
வியாழன்தோறும் உணவுப் பை தருகிறோம்.
என் வேலை படிவம்.
பெயர். வீட்டில் எத்தனை பேர். காரணம்.
பேனா குளிருக்கு அடிக்கடி எழுத மறுக்கும்,
ஊதி ஊதி எழுதுவேன்.

ஜனவரி இரண்டாம் வாரம் அவர் வந்தார்.
டெரன்ஸ் அக்ராய்ட். ஒருவர்.
கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி இடுப்பைத் தொலைத்தவர்.
கையுறையைக் கழற்றாமல் உட்கார்ந்து
"ஸ்டார்வ்ட்" என்றார்.
அந்த ஒரு சொல்தான்.
மேலே கேட்டால் அவருக்கும் கூசும், எனக்கும் கூசும்.

நான் தெற்கத்திக்காரி.
கில்ட்ஃபோர்டில் அந்தச் சொல்லுக்கு வயிறு மட்டும்தான் உண்டு.
பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து சொல்வோம்;
பத்து நிமிஷத்தில் ரொட்டியும் ஜாமும் வந்துவிடும்.
காரணம்: பசி, என்று எழுதினேன்.
இரண்டு பை கட்டினேன்.
பட்டாணி, அவரை, டப்பா மீன், கஸ்டர்ட் தூள்,
கையிருப்பில் மிஞ்சிக் கிடந்ததால் அரிசியும்.
நல்லது செய்த கதகதப்பு
மதியம் வரை எனக்குள் இருந்தது.

அடுத்த வியாழன் அதே பைகளோடு வந்தார்.
ஒவ்வொரு டப்பாவாக எடுத்து மேசைமேல் வைத்தார்,
கடனை எண்ணி அடைப்பவரைப் போல.
"சாப்பாடு இருக்கு. பொண்ணு கொண்டாந்து தர்றா.
நான் சொன்னது இது இல்ல, கண்ணு."
சட்டைப்பையிலிருந்து
கேஸ் மீட்டர் அட்டையை எடுத்துக் காட்டினார்.
கிறிஸ்துமஸுக்கு மறுநாளிலிருந்து அதில் ஒரு பென்னி இல்லை.

அவர் தெருவில், அவர் அப்பன் வாயில்,
அந்தச் சொல்லுக்குக் குளிர் என்று பொருள்.
சரியான சொல்லைத்தான் சொல்லியிருக்கிறார்,
சரியான ஊரில்.

தேநீர்ப் பாத்திரத்தின் பக்கம் நின்ற ஹில்கே,
எம்டனிலிருந்து வந்து பதினாறு வருஷம் ஆனவள்,
"போன வாரம் நான் பயந்தே போனேன்" என்றாள்,
"சாகிறேன் என்றல்லவா என் காதில் விழுந்தது."
அவள் மொழியில் அந்தச் சொல்லின் உடன்பிறப்பு
இன்றும் சாவைத்தான் சொல்கிறது,
சுற்றிவளைக்காமல்.

படிவத்தில் குளிருக்குக் கட்டம் இல்லை.
விதிகளில் கேஸும் இல்லை.
ஹில்கே அட்டையை வாங்கிக்கொண்டு மூலைக்கடைக்குப் போனாள்,
அவள் பணம், பத்து பவுண்டு.
அவர் கஸ்டர்ட் தூளை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டார்:
இனி பால் காய்ச்சலாம்.

அன்றிரவு அகராதியைப் புரட்டினேன்.
ஆயிரம் வருஷம் முன்பு இங்கேயும் அதற்குச் சாவு என்றே பொருள்.
எந்தச் சாவும். காய்ச்சலில், வாளில், பிள்ளைப்பேற்றில்.
பிறகு வேறொரு சொல்
(வடகடல் தாண்டி வந்தது என்கிறார்கள்)
அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொள்ள,
எழுப்பிவிடப்பட்ட பழைய சொல்
தெற்கே பசியிடம் வேலைக்குச் சேர்ந்தது,
வடக்கே குளிரிடம்.
இன்னும் அடியில், எழுத்தே இல்லாத காலத்தில்,
விறைத்துப்போதல் என்ற பொருள் இருந்திருக்கலாமாம்.

விறைத்துப்போதல்.
குளிருக்குச் சரி. பிணத்துக்கும் சரி.
பசிக்கு எப்படி என்று யோசித்தபோது
நினைவுக்கு வந்தது
டப்பாக்களை எண்ணி வைத்த அந்தக் கை,
மடங்காத அந்தக் கழுத்து.

பிப்ரவரியில் ஒரு பையன் வந்தான், இருபது இருக்கும்,
ஜிப் போன ஜாக்கெட்.
அதே சொல்லைச் சொன்னான்.
நான் இப்போது விவரம் தெரிந்தவள் அல்லவா.
பேனாவை ஊதிக்கொண்டே கேட்டேன்:
பசியா, குளிரா?

என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.
"இன்னிக்கா?" என்றான்.